நடுக்கடலில் இரண்டே பேர்

சுங்காயில் இருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேற்கே போனால் தெலுக் இந்தான், அதையும் தாண்டி பாகான் டத்தோ. வடக்கே சுற்றிப் போனால் லூமுட். மற்றபடி எங்கு திரும்பினாலும் செம்பனைதான். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடம் அது.

பாட்டி வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைப் பற்றிப் பேசுவோம் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று பேசினோம். காரணம், சின்னம்மா மகள்.

அவள் தாதி. பேராக்கில் ஒரு மருத்துவமனையில் நான்கு ஆண்டாக வேலை செய்கிறாள். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில், வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்துவிட்டது. சொன்ன நாளில் இருந்து சித்தப்பா சரியாகப் பேசவில்லை. "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே ஆரம்பித்தார்: "கடல் தாண்டிப் போற வேலை. ஒத்தைப் பொம்பளப் பிள்ளை. ஒண்ணு ஆச்சுன்னா யாரு பார்ப்பா?"

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேச்சு நின்றுவிட்டால் உடனே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். நானும் நிரப்பினேன். "சித்தப்பா, பாண்டிச்சேரிக்காரப் பெண் ஒருத்தி பாய்மரப் படகுல உலகத்தையே சுத்திட்டு வந்திருக்கா, தெரியுமா? கூட இன்னொரு பெண். படகுல மொத்தமே ரெண்டு பேர்தான்."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளையும், அப்போதும் பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்விகள் வரக்கூடும்.

யார் அவர்கள்?

ஒருவர் லெஃப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. புதுச்சேரியைச் சேர்ந்தவர். அப்பா இந்திய விமானப் படையில் இருந்தவர். மற்றவர் லெஃப்டினன்ட் கமாண்டர் தில்னா. கேரளத்தின் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா தரைப்படையில் இருந்தவர். இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். ஆனால் கடற்படை என்றதும் நாம் நினைப்பதுபோல் போர்க்கப்பலிலேயே வாழ்ந்தவர்கள் அல்லர். தில்னா தளவாடங்களைக் கவனிக்கும் பிரிவு. ரூபா ஆயுதங்களைச் சோதிக்கும் பிரிவு. பாய்மரப் படகு ஓட்டுவதை இருவரும் பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் இருந்து புறப்பட்டார்கள். 2025 மே 29-ஆம் தேதி கோவாவுக்கே திரும்பி வந்தார்கள். ஏறக்குறைய எட்டு மாதம். கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கும் மேல். நம் கணக்கில் 46,000 கிலோமீட்டரைத் தாண்டும். இருவர் மட்டும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தது இந்தியாவுக்கு அதுவே முதல் முறை.

இதற்கு விதிகளும் உண்டு. சும்மா சுற்றி வந்தேன் என்று சொல்லிவிட முடியாது. குறைந்தது 21,600 கடல் மைல் போக வேண்டும். பூமியின் சுற்றளவு அது. பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் வெட்டிச் செல்ல வேண்டும். சூயஸ், பனாமா மாதிரிக் கால்வாய்களில் புகுந்து தூரத்தைக் குறைக்கக் கூடாது. உந்துவிசை காற்று மட்டுமே.

படகு எவ்வளவு பெரியது?

இது சித்தப்பா கேட்டது. அவர் லாரி ஓட்டியவர். எதையும் நீளம், அகலம், எடை என்றுதான் கேட்பார்.

படகின் பெயர் தாரிணி. நீளம் 56 அடி, அதாவது 17 மீட்டர். கோவாவில் உள்ள ஒரு கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 2017-ல் கடற்படையில் சேர்த்தார்கள். நம் தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளில் மூன்று நான்கைச் சேர்த்து வைத்தால் வரும் நீளம் என்று சொன்னேன். சித்தப்பா தலையாட்டினார். ஆனால் அந்த நீளத்துக்கு மேலே நிற்கும் பாய்மரம் 25 மீட்டர் உயரம். எட்டு மாடி உயரத்துக்கு ஒரு கம்பம். அதில் விரிக்கும் பாய்களைக் கையால்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், சுருக்க வேண்டும். நான்கைந்து பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்தார்கள்.

தாரிணிக்கு இது முதல் உலகப் பயணம் அன்று. 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை ஆறு பெண் அதிகாரிகள், வர்த்திகா ஜோஷியின் தலைமையில், இதே படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். அடுத்த முறை ஆறு இரண்டானது. ஆள் குறையக் குறையப் படகு ஓட்டுவது கடினமாகும். ஒவ்வொருவர் தலையிலும் வேலை கூடும். தூக்கம் குறையும். எல்லாவற்றையும்விட, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் படகில் எழுந்து நிற்பவர் ஒருவர்தான்.

எப்படித் தூங்குவார்கள்?

சின்னம்மா கேட்ட கேள்வி இது. ராத்திரியில் எங்காவது நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள் என்று நினைத்திருக்கிறார். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நடுக்கடலில் நங்கூரம் தரையைத் தொடாது. மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழம். படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சுக்கானைப் பிடித்துக்கொள்ளத் தானியங்கிக் கருவி உண்டு. ஆனாலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். காற்று திசை மாறலாம். திடீரென்று வேகம் எடுக்கலாம். பெரிய சரக்குக் கப்பல் எதிரே வரலாம். அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அலைகளுக்கு நடுவே நம் படகு ஒரு புள்ளி மாதிரிகூடத் தெரியாது.

அதனால் முறை வைத்துத் தூங்குவதுதான் வழக்கம். இருவர் படகு என்றால் ஒருவர் காவல், ஒருவர் தூக்கம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கடல் மோசமானால் முறை ஏது? இருவருமே மேலே நிற்க வேண்டியதுதான். தூக்கம் என்பதும் வீட்டுத் தூக்கம் அன்று. படுக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அலை அடிக்கும் சத்தம் தலைக்குப் பக்கத்திலேயே கேட்கும்.

"நைட் ஷிப்ட் மாதிரிதான்" என்றாள் தங்கை. அவளுக்கு மட்டும் உடனே புரிந்தது.

கடலில் விழுந்துவிட்டால்?

இதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சித்தப்பா கேட்க வந்து நிறுத்திக்கொண்டார். நானே சொன்னேன்.

இப்படிப்பட்ட படகு ஓரளவு நல்ல காற்றில் மணிக்கு ஏழு கடல் மைல் வேகத்தில் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இருநூறு மீட்டருக்கு மேல். உள்ளே ஒருவர் தூங்குகிறார், மேலே ஒருவர் தவறி விழுகிறார் என்றால், உள்ளே இருப்பவர் எழுந்து வருவதற்குள் விழுந்தவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விடுவார். படகைத் திருப்புவதும் கார் திருப்புகிற மாதிரி அல்ல. பாயை முதலில் அடக்க வேண்டும்.

அதனால் மேல்தளத்துக்கு வரும்போதே உடம்பில் மாட்டிய வாரைப் படகோடு கயிற்றால் இணைத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் உயரமான இடத்தில் வேலை செய்பவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது போல. இடம் மாறும்போதும் ஒரு கொக்கியை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்றுவார்கள். இருவர் படகில் விழாமல் இருப்பதுதான் மருந்து. விழுந்த பிறகு மருந்து குறைவு.

எந்த வழியாகப் போனார்கள்?

கோவாவில் புறப்பட்டு, பூமத்திய ரேகையைத் தாண்டி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, நவம்பர் 9-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் ஃபிரிமெண்டல் துறைமுகம் சேர்ந்தார்கள். அங்கிருந்து நியூசிலாந்தின் லிட்டல்டன். கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது கட்டம்தான் பயணத்தின் உயிர்நிலை. ஜனவரி 4-ஆம் தேதி லிட்டல்டனில் கயிற்றை அவிழ்த்தவர்கள், பசிபிக் பெருங்கடலின் தென்பகுதி முழுவதையும் கடந்து, தென் அமெரிக்காவின் தென்முனையான ஹார்ன் முனையைச் சுற்றி, பிப்ரவரி மூன்றாம் வாரம் ஃபாக்லண்ட் தீவுகளின் போர்ட் ஸ்டான்லியில் கரை கண்டார்கள். ஆறு வாரத்துக்கும் மேல் தரையே இல்லை. பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து மார்ச் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். ஏப்ரல் நடுவில் புறப்பட்டு மீண்டும் இந்தியப் பெருங்கடல் வழியாகக் கோவா.

ஏன் இவ்வளவு தெற்கே போக வேண்டும்? உலக வரைபடத்தைத் திருப்பிப் பாருங்கள். நாற்பதாவது அட்சரேகைக்குத் தெற்கே நிலம் மிகக் குறைவு. மேற்கில் இருந்து கிழக்கே அடிக்கும் காற்றைத் தடுக்க மலையும் இல்லை, கண்டமும் இல்லை. காற்று உலகத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மாலுமிகள் அந்தப் பகுதியை 'உறுமும் நாற்பது' என்று சொல்வார்கள். பாய்மரப் படகுக்கு அந்தக் காற்றுதான் பெட்ரோல். ஆனால் அதே காற்றுதான் எமனும். தில்னாவும் ரூபாவும் அங்கே மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றையும், உறைய வைக்கும் குளிரையும் சந்தித்தார்கள்.

ஜனவரி 30-ஆம் தேதி அவர்கள் கடந்த இடத்துக்கு 'நீமோ முனை' என்று பெயர். முனை என்றாலும் அங்கே நிலம் கிடையாது, வெறும் தண்ணீர்தான். உலகத்தில் எந்தக் கரையில் இருந்தும் மிகத் தொலைவில் உள்ள கடற்புள்ளி அது. மிக அருகில் உள்ள தீவுக்கே ஏறக்குறைய 2,688 கிலோமீட்டர். கோலாலம்பூரில் இருந்து சென்னைக்குப் போகும் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவு தூரம், எந்தத் திசையில் திரும்பினாலும் மண் இல்லை. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அது தலைக்கு மேலே கடக்கும்போது, அந்தப் படகில் இருப்பவர்களுக்கு மிக அருகில் உள்ள மனிதர்கள் விண்வெளி வீரர்கள்தாம்.

அந்த இடத்தில் இருவரும் ஒரு வேலை செய்தார்கள். கடல் நீரை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள், விஞ்ஞானிகளின் ஆய்வுக்காக. யாரும் போகாத இடத்துத் தண்ணீர் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

சாப்பாடு?

பாட்டி கேட்டது இது. உலகத்தில் எந்தச் செய்தி சொன்னாலும் பாட்டிக்கு முதல் கேள்வி இதுதான்.

நெடும்பயணப் படகில் முதல் சில நாட்களுக்குத்தான் காயும் பழமும். அதன் பிறகு அரிசி, பருப்பு, தகரப் பெட்டி உணவு, வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் உலர் உணவு. அடுப்பே படகோடு சேர்ந்து ஆடும். அதை ஆடாமல் வைத்துக்கொள்ள ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள். குடிநீருக்குக் கடல் நீரை உப்பு நீக்கும் கருவி, இல்லையென்றால் மழை. மழை வந்தால் பாயில் வழியும் தண்ணீரைப் பிடித்துக்கொள்வார்கள். குளிப்பது பற்றி யோசிக்க வேண்டாம்.

"அப்போ எங்க கப்பலே தேவலாம்" என்றார் பாட்டி.

பாட்டிக்கு இப்போது எண்பத்தேழு. பத்து வயதில் அப்பா அம்மாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ராஜுலா கப்பல். 1926-ல் ஓட ஆரம்பித்து 1970-களின் தொடக்கம் வரை வங்காள விரிகுடாவில் நம் ஆட்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. இந்த நாட்டில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு ராஜுலா என்பது ஒரு கப்பலின் பெயர் மட்டும் இல்லை, குடும்பத்தின் முதல் பக்கம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, எண்ணெய் நாற்றம், வாந்தி, கஞ்சி, கடைசியில் பினாங்கு மலை தெரிந்தபோது எல்லாரும் ஒரே பக்கம் ஓடிப்போய் நின்றது. இவற்றைப் பாட்டி பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னார். அவருடைய அம்மா, அதாவது என் கொள்ளுப்பாட்டி, கரை மறைந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டவர், மூன்று நாள் எடுக்கவே இல்லையாம். கடலைப் பார்த்தால் திரும்பிப் போகத் தோன்றும் என்றாராம்.

சுங்காய், துரோலாக், ஸ்லிம் ரிவர், பீடோர், தாப்பா என்று நம் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முந்திய தலைமுறையில் பெரும்பாலோர் ஒரு பெருங்கடலின் கிளையைத் தாண்டி வந்தவர்கள். வந்த பிறகு கடலை மறந்துவிட்டோம். லயம், கோயில், பள்ளி, பால்மரம், இவையே உலகமாகிவிட்டன. எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

தமிழர்கள் இதற்கு முன் போனதே இல்லையா?

போயிருக்கிறார்கள். சோழர் காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வந்ததை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதுவன்று. மன்னரும் படையும் இல்லாமல் ஐந்து சாதாரண மாலுமிகள் போன கதை.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்ற ஊர். அங்கே ஊர்க்காரர்களே மரக்கலம் கட்டுவார்கள். 1930-ல் அங்கே கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்றின் பெயர் அன்னபூரணி அம்மாள். சுமார் 89 அடி நீளம். உலகைச் சிறு படகில் சுற்றிப் புகழ்பெற்றிருந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் அதை விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரை வைத்து 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். பெயர் மாறினாலும் கப்பலை ஓட்ட வல்வெட்டித்துறைக்காரர்களே தேவைப்பட்டார்கள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் மற்றத் தமிழ் மாலுமிகளுமாக ஐந்து பேர் அதில் போனார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அதன் பிறகு அட்லாண்டிக். 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் அந்தக் கப்பல் போய் நின்றது. வேட்டி கட்டிய ஊரில் செய்த கப்பல், மீன்பிடிக்குப் பெயர்போன ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில்.

தண்டையல் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா சிரித்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்டல் யார் என்று தெரியும். விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, ஆட்களை வேலைக்கு அனுப்பியவர். கப்பலில் மாலுமிகளை மேய்த்தவரின் பெயர்தான் கரையேறித் தோட்டத்துக்குள் வந்திருக்கிறது. நாம் கடலை மறந்தாலும் நம் வாய் மறக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒருவர் இருக்கிறார். டத்தோ அஸார் மன்சோர். 1999-ல் லங்காவியில் இருந்து 'ஜாலூர் கெமிலாங்' என்ற படகில் தனி ஆளாகப் புறப்பட்டார். வழியில் பாய்மரம் முறிந்து, ஃபாக்லண்டில் ஒதுங்கிச் சரி செய்துகொண்டு, 190 நாளில் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தார். அப்போது பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த ஆகஸ்டு மாதம் நினைவிருக்கும். நாடே லங்காவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று ஆகிவிட்டால்?

சித்தப்பா முதலில் கேட்ட கேள்விக்கே திரும்பி வந்தார். "எல்லாம் சரிம்மா. நல்லபடியா வந்தவங்க கதையைத்தான் நீ சொல்ற. வராதவங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் அபிலாஷ் டோமியின் கதை. தில்னாவுக்கும் ரூபாவுக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர். 2013-ல், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். 2018-ல் மீண்டும் ஒரு போட்டிக்காகத் தனியாகப் போனார். அந்தப் போட்டியில் பழங்காலக் கருவிகளை வைத்தே ஓட்ட வேண்டும். செப்டம்பர் 21-ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. அவர் கீழே விழுந்து முதுகெலும்பு அடிபட்டது. எழுந்து நடக்க முடியவில்லை. பெர்த்தில் இருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், படுத்த இடத்தில் இருந்தே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பினார். இந்தியக் கடற்படையின் விமானம் படகைக் கண்டுபிடித்தது. ஆஸ்திரேலியா மீட்பை ஒருங்கிணைத்தது. பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான ஒசிரிஸ், மூன்று நாளில் போய் அவரைத் தூக்கி வந்தது. மூன்று நாட்டு ஆட்கள் ஒரு மனிதருக்காக.

அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுபடியும் நடக்கப் பழகினார். 2022-ல் அதே போட்டிக்கு மறுபடியும் போனார். 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி இரண்டாவதாக வந்து முடித்தார். அந்த முறை முதல் பரிசு பெற்றது தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். ஒரு பெண்.

ஆபத்து இல்லை என்று அவர் தன் மாணவிகளிடம் சொல்லியிருக்க முடியாது. அவர் முதுகே சாட்சி. ஆபத்து தெரிந்தவரிடம்தான் அந்த இருவரும் கற்றார்கள். மூன்று ஆண்டு பயிற்சி. உலகத்தைச் சுற்றும் முன்பே 38,000 கடல் மைல் ஓட்டிப் பழகியிருந்தார்கள். 2022-23-ல் ஆறு பேர் கொண்ட குழுவில் கோவாவில் இருந்து கேப் டவுன் வழியாகப் பிரேசிலின் ரியோ வரை போய் வந்தார்கள். பிறகு இருவர் மட்டும் அந்தமானின் போர்ட் பிளேருக்கும், மொரீஷியஸுக்கும் போய்த் திரும்பினார்கள். சின்ன தூரம், நடுத்தர தூரம், பெரிய தூரம். எட்டு மாதப் பயணத்தை நாம் செய்தியில் பார்த்தோம். அதற்கு முந்திய மூன்று ஆண்டை யாரும் பார்க்கவில்லை.

தைரியம் என்றால் பயப்படாமல் இருப்பது என்று நான் நினைத்திருந்தேன். இதையெல்லாம் படித்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. கொக்கியை மாட்டாமல் மேல்தளத்துக்கு வருபவரைத் தைரியசாலி என்று கடலில் யாரும் சொல்ல மாட்டார்கள். எது உடையும் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கு ஒரு கயிறும், ஒரு மாற்றுச் சாமானும், ஒரு பழக்கமும் வைத்திருப்பதுதான் அங்கே தைரியம். நாம் பிள்ளைகளை வெளியூர் அனுப்பும்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, "போகாதே" என்கிறோம். இல்லையென்றால் "சாமி பார்த்துக்கும்" என்று அனுப்பிவிடுகிறோம். நடுவில் இருக்கிற அந்த மூன்று ஆண்டு வேலையை, பழக்குவதை, யார் செய்வது?

சின்னம்மா மகள் பெர்த்தில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கும். ஆனால் நான்கு ஆண்டு இரவு வேலை பார்த்தவள். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவள். வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பவள். வாடகை வண்டியும் ஓட்டத் தெரியும், சண்டை போடவும் தெரியும். இதைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவரே மனதில் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பாட்டிதான் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "எட்டு மாசம் ரெண்டே பேரு. சண்டை போட்டுக்கலையா?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அனுபவமுள்ள மாலுமிகள் அஞ்சுவது அலையைவிட அதைத்தானாம். எத்தனையோ நீண்ட பயணங்கள் புயலால் முடியவில்லை, பேச்சு நின்றதால் முடிந்திருக்கின்றன. ஒருவர் தூங்கும்போது மற்றவரை நம்ப வேண்டும். அவர் உயிர் இவர் கண்ணில் இருக்கிறது. ஒரு மலையாளப் பெண்ணும் ஒரு தமிழ்ப் பெண்ணும், வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு மொழியில் வளர்ந்தவர்கள், அந்த நம்பிக்கையைக் கோவாவில் இருந்து எடுத்துப்போய்க் கோவாவுக்கே பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். சாதனை என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும் நேரம். சித்தப்பா வாசலில் காலணி மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைங்க முதல்ல போய் இறங்கின ஊரு, ஃபிரிமெண்டலா? அது எங்க இருக்கு?"

"பெர்த் பக்கத்துலதான் சித்தப்பா. பெர்த்தோட துறைமுகமே அதுதான்."

"கே.எல்.ல இருந்து பிளேன்ல எவ்வளவு நேரம்?"

தங்கை உள்ளே இருந்து சொன்னாள்: "அஞ்சரை மணி நேரம்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி நாற்காலியில் இருந்தபடியே கையை விரித்துக் காட்டினார். "எனக்கு ஏழு நாள் ஆச்சு."

சித்தப்பா மற்றொரு காலணியையும் மாட்டிக்கொண்டார். இன்னும் "போ" என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தங்கையிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. கடப்பிதழ் எப்போது காலாவதி ஆகிறது என்று அப்பா கேட்டாராம்.